இரட்டைக்குழிக் கல்லுக்கு ஒரு பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாராவது கேட்டால் வரலாற்று ஆர்வம், பெங்களூர்ப் பேட்டைகளின் மேல் பிரியம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஒரு பெண் எங்கள் ஏழெட்டுப் பேரைச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு முற்றத்தில் நிறுத்தி, ஒரு கல்லைக் காட்டி நான்கு நிமிடம் பேசினாள். ஒருவரும் போனைத் தொடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நான் இருபது வருடமாக எழுதுகிறேன். என் கதையை என் மனைவியே மூன்றாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குக்கர் விசிலை எண்ணப் போவாள். அந்தப் பெண்ணோ ஒரு வரிகூட எழுதியதில்லை. கடைச் சீட்டுக்குப் பின்னால் குறிப்பு எழுதிவைத்துக்கொண்டு பேசுகிற ஆளும் இல்லை. வாயைத் திறந்தாள், எல்லாரும் நின்றார்கள்.

ஆகவே அவளைக் கதைக்குள் பிடித்துப் போட்டுவிட்டேன். தமயந்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைப்பதில் எனக்குத் தடுமாற்றமே கிடையாது. எழுத்தில் எனக்கு உருப்படியாக வந்த விஷயம் அது ஒன்றுதான். எந்தப் பாத்திரம் வந்து நின்றாலும் ஒரு நிமிடத்தில் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிடும். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு எதிராகவே வரும்.)

இனி இது அவள் கதை. நான் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி இருந்துகொள்கிறேன். நேரில் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவேன், கதையில் 'அவள்'. எழுதுகிறவனுக்கு இருக்கிற அற்பத் திமிர்.

2

தொடக்கம் ஒன்று: "நான்கு திசையிலும் நான்கு ஏர் ஓட்டி, அந்த உழவுச் சாலிலேயே தெருக்கள் போட்ட ஊர் இது என்று..."

[அடித்துவிட்டேன். பேட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அத்தனை பேரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஸ்ரீஹர்ஷாவும் இங்கேதான் தொடங்குவான். அவன் யார் என்று சொல்கிறேன், பொறுங்கள்.]

தொடக்கம் இரண்டு: "ஷட்டர்கள் திறக்காத அவென்யூ ரோட்டில் மல்லிகையும் அச்சு மையும் கலந்த வாசம்..."

[வாசத்தில் தொடங்கும் கதை ஏற்கெனவே நான்கு எழுதியாகிவிட்டது. அதோடு, அன்றைக்கு அங்கே அடித்தது சாக்கடை நாற்றம்.]

தொடக்கம் மூன்று: "தமயந்திக்குப் பேட்டையின் பின்வாசல்கள் எல்லாம் தெரியும்."

இது இருக்கட்டும்.

3

தமயந்திக்குப் பேட்டையின் பின்வாசல்கள் எல்லாம் தெரியும். ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள், பத்தொன்பது வயதில் சுல்தான்பேட்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடை ஒரு தெருவில், அச்சகம் வேறொரு சந்தில், பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்கள் மூன்றாவது பேட்டையில். அச்சடிக்கும் முன் புரூஃபை வீட்டாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்கள் பெரியப்பா பெயரை மேலே ஏற்றி, சின்ன மாமா பெயரைக் கீழே இறக்கி, விட்டுப்போன அத்தையைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அதை அச்சகத்தில் சேர்க்க வேண்டும். பதினாறு வருடம் அதுதான் அவள் வேலை.

மெயின் ரோட்டில் போனால் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் மாட்டி முகூர்த்தமே தப்பிவிடும் என்பதால் வீடுகளுக்கு ஊடாகவே போய்ப் பழகினாள். இந்த வீட்டு முன்வாசலில் நுழைந்தால் அந்தச் சந்தில் வெளியே வரலாம். இந்த மாடிப்படி ஏறினால் பக்கத்து மாடி வழியாக இறங்கலாம். இந்த இரும்புக் கதவில் தொங்குகிற பூட்டு சும்மா பேருக்கு, தள்ளினால் திறக்கும். இப்படியே பேட்டை முழுக்க அவள் காலுக்குள் வந்துவிட்டது.

பிறகு புரூஃப்கள் போனிலேயே போய்வர ஆரம்பித்தன. வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பேட்டையைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள். மற்றவர்கள் ஹெரிடேஜ் வாக் என்றார்கள், அவளும் அப்படியே சொல்லிக்கொண்டாள். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு ஓர் இட்லிக்கடையில் முடியும். கடைகள் திறந்துவிட்டால் பேட்டையில் யாராலும் நிமிர்ந்து பார்க்க முடியாது, காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவே சரியாக இருக்கும்.

அவள் வழியில் முக்கியமான இடம் ஒரு வட்டாரா. நடுவில் முற்றம், சுற்றிலும் ஒற்றை அறை வீடுகள், அத்தனை பேருக்கும் ஒரே குழாய் என்று இருக்கும் குடியிருப்பை இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். ஒரு ஜரிகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து. அதற்குள் போனால் சட்டென்று வானம் திறக்கும். [வானம் திறக்குமாம்! அடிக்க வேண்டும்.] போனால் துணி காய்ந்துகொண்டிருக்கும். குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் கிடக்கும். அதில் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு குழிகள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

[கல் என்று எழுதியிருக்கிறேன். அது கல் அல்ல. பேட்டையும் இந்தப் பேட்டை அல்ல. எல்லாப் பெயரும் நான் வைத்தவை. தேடிக்கொண்டு போகாதீர்கள். காரணம் கடைசியில் உங்களுக்கே புரியும்.]

அந்த வட்டாராவில் இருப்பவள் வள்ளியம்மா. சிக்பேட்டையில் ஒரு சேலைக் கடையில் மடிப்பு வேலை, அதாவது வந்தவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போட்ட சேலைகளை மறுபடி மடித்து அடுக்குவது. எதிர்வீட்டில் அவள் ஓரகத்தி ராஜலக்ஷ்மி. இருவரின் வீட்டுக்காரர்களும் அண்ணன் தம்பி. பதினோரு வருடமாக இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சு கிடையாது. ஒருத்தி குழாயடிக்கு வந்தால் மற்றவள் பாதிக் குடத்தோடு உள்ளே போய்விடுவாள். தமயந்திக்கு அந்த வீடுகளுக்குள் இடம் கொடுத்தது வள்ளியம்மா. அதனாலேயே ராஜலக்ஷ்மி தமயந்திக்கும் முகம் கொடுக்க மாட்டாள்.

4

இப்போது ஸ்ரீஹர்ஷா. மல்லேஸ்வரத்துப் பையன், கட்டிடக்கலை படித்தவன், முப்பது தொடாத வயது. இரண்டு வருடத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து தமயந்தியோடு நடந்தான். கையில் எப்போதும் நோட்டு. நான்காவது ஞாயிறு அவனே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவனிடம் பழைய வரைபடங்கள் இருந்தன. சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் இருந்தது. கன்னடம், இங்கிலீஷ், தட்டுத்தடுமாறித் தமிழ் மூன்றும் வந்தன. சிரித்தால் நன்றாக இருந்தான். தமயந்தியோடு வந்துகொண்டிருந்த இருபது பேர் ஏழாகிப் போனார்கள், அவனுக்கு முப்பது பேர் சேர்ந்தார்கள். முப்பது பேரும் அவள் தள்ளித் தள்ளிப் பழக்கிய அதே இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதைச் சந்து முனையில் நின்று பார்த்தபோது தமயந்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. அந்தக் கதவுக்கு நிஜமாகவே ஒரு பூட்டு வாங்கிப் போட வேண்டும் என்றுதான் தோன்றியது.

[இந்த ஸ்ரீஹர்ஷாவை வில்லனாக்க நிறைய முயன்றேன். ஒரு வரைவில் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். இன்னொன்றில் குழந்தையை அதட்ட வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. நல்லவர்கள் மேல் வருகிற பொறாமை இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.]

ஒருநாள் தமயந்தி வள்ளியம்மாவிடமே கேட்டாள்.

"அவன் இங்க வந்து என்னாதான் சொல்றான்?"

"உன்ன மாதிரியேதான் சொல்றான். கொஞ்சம் சத்தமா சொல்றான்."

"என் கதையா?"

"உன் கதை எது, அவன் கதை எதுன்னு எனக்கு என்னாடி தெரியும்? நல்லா சிரிச்சுப் பேசுது அந்தப் புள்ள. போன வாரம் குடத்தக் கூட தூக்கிக் குடுத்துச்சு."

குடம் தூக்கிக் கொடுத்தானாம். அன்று பூராவும் தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை. அவன் திருடன் என்று நாலு பேர் முன்னால் நிரூபித்தால்தான் இனிச் சாப்பிட முடியும் என்று ஆகிவிட்டது.

5

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, எவரும் சொல்லாத ஒரு கதையைத் தானே கட்டி, அவன் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை சொல்வது. அவன் அதைத் தன் கூட்டத்திடம் சொல்லும் நாளில் நடுவில் போய் நின்று, "இது நான் உட்கார்ந்து கட்டிய கதை" என்று உடைப்பது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே கட்டினாள். மனசு எதில் எரிந்ததோ அதிலிருந்தே கதை வந்தது.

வாய்ப்பும் தானாக வந்தது. மறுநாள் காலை ஸ்ரீஹர்ஷா அவள் கூட்டத்தில் வந்து நின்றான்.

"மேடம், இன்னொந்து சலி, இன்னொரு தடவை, உங்களோட நடக்கட்டா? போன தடவை நெறைய மிஸ் பண்ணிட்டேன்."

"வாங்க, வாங்க," என்றாள் தமயந்தி. அப்படி ஒரு சிரிப்பை அவன்கூடச் சிரித்திருக்க மாட்டான்.

[அந்த ஞாயிறுதான் நானும் முதல் தடவையாகப் போனேன். ஏழெட்டுப் பேரில் நான் ஒருவன்.]

கல்லுக்கு முன்னால் நின்று அவள் சொன்னது இதுதான்:

"இந்த வூட்ல ஒரு ஜரிகை யாவாரி இருந்தாருங்க. ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி இடிச்ச மாவுல இன்னொருத்தி கை வெக்க மாட்டா. தெனம் சண்டை. மனுசன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாரு, ஒரே கல்லுல ரெண்டு குழி அடிச்சுப் போட்டாரு. இந்தா உனக்கு ஒண்ணு, இந்தா உனக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் எதிரெதிர்ல நின்னு மஞ்சள் இடிப்பாங்க. அவ உலக்கை எறங்கறப்போ இவ உலக்கை ஏறும். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஒருநாள் மூத்தவளுக்குக் கைவலி, நிறுத்திட்டா. சின்னவளுக்கு அந்தச் சத்தம் இல்லாம தாளம் தப்பிப்போச்சு. உலக்கையே தூக்க வரல. எழுந்து... இல்ல, நின்ன எடத்துல இருந்து சுத்தி வந்து, மூத்தவ குழியில கெடந்த மஞ்சளையும் அவளே இடிச்சுக் குடுத்தா. அதுலருந்து, வயித்தெரிச்சல் இருக்கற ரெண்டு பேரு வந்து ஆளுக்கொரு குழியில மஞ்சள் வெச்சா எரிச்சல் அடங்கிடும்னு சொல்வாங்க."

குழாயடியில் வள்ளியம்மா வாளி நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் நின்றாள். எதிர்வீட்டு வாசலில் ராஜலக்ஷ்மியும் உள்ளே போகாமல் நின்றாள். ஸ்ரீஹர்ஷா நோட்டை மூடிப் பையில் வைத்தான். மனப்பாடம் பண்ணிவிட்டான் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள்.

6

ஐந்து ஞாயிறு வேவு பார்த்தாள். தன் கூட்டத்தை இட்லிக்கடையில் உட்கார வைத்துவிட்டு, சந்து சந்தாக ஓடிவந்து, பாத்திரக் கடை ஷட்டருக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து தடவையும் அவன் அந்தக் கல்லுக்கு முன்னால் கையை விரித்தான்.

"இது என்ன அந்த்தா நனகெ கொத்தில்லா. சத்தியமா தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

தெரியாது என்று சொன்னதற்காகவே முப்பது பேருக்கும் அவனை இன்னும் பிடித்துப்போயிற்று. தமயந்திக்கு அதுதான் தாங்கவில்லை. திருடக்கூட மாட்டேன் என்கிறானே! தன் கதை திருடுவதற்குக்கூட லாயக்கில்லாததா என்று வீட்டில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

அதற்குள் வட்டாராவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வள்ளியம்மா கல்லின் ஒரு குழியில் ஒரு சிட்டிகை மஞ்சள் வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மற்ற குழியிலும் மஞ்சள் இருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ராஜலக்ஷ்மிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, தண்ணி நின்னுடப் போவுது. மொதல்ல நீ புடிச்சிக்க."

பதினோரு வருடத்தில் அவள் சொன்ன முதல் வார்த்தை. வள்ளியம்மா குடத்தை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். அந்த மாதமே அக்கம்பக்கத்துச் சந்துகளில் இருந்து பெண்கள் ஜோடி ஜோடியாக மஞ்சளோடு வர ஆரம்பித்தார்கள்.

இதைக் கேட்டுத் தமயந்தி சிரித்திருக்கலாம். அவளால் முடியவில்லை. அந்தப் பதினோரு வருடத்துக்குக் காரணம் அவள்.

ராஜலக்ஷ்மி மகள் கல்யாணப் பத்திரிகை தமயந்தி வேலை பார்த்த கடையில்தான் அடித்தது. முதல் புரூஃபில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே வள்ளியம்மா பெயரும் அவள் வீட்டுக்காரர் பெயரும் விட்டுப்போயிருந்தன. ராஜலக்ஷ்மி பதறிப்போய்த் தன் கையாலேயே, சிவப்பு மையில், இரண்டு பெயரையும் எல்லாருக்கும் மேலே எழுதிக் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். அன்று தமயந்தி பையில் நாலு கல்யாணத்துப் புரூஃப்கள். அச்சகத்தில் மெஷின் ஓடத் தயாராக நின்றது. அவசரத்தில் திருத்தாத பிரதியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். திருத்தியது பையிலேயே தங்கிவிட்டது. ஐந்நூறு பத்திரிகையும் மூத்தவர்கள் பெயர் இல்லாமல் ஊர் பூராவும் போயிற்று.

வயிற்றெரிச்சலில் வேண்டுமென்றே விட்டாள் என்றாள் வள்ளியம்மா. எழுதிக் கொடுத்தேன், சாமி சத்தியம் என்றாள் ராஜலக்ஷ்மி. அச்சகத்தில் வந்ததைத்தான் அடித்தோம் என்றார்கள். தமயந்தியோ தன் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிவப்பு மைத் தாள் இன்றும் அவள் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. தூக்கிப் போடவும் கை வரவில்லை, காட்டவும் துணிச்சல் இல்லை.

தன் மௌனம் பிரித்த இரண்டு பேரைத் தன் பொய் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பொய்யும் அவள் ஒருத்தன் கழுத்தைப் பிடிப்பதற்காகச் சொன்னது. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

7

[இதுவரை உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்தப் பகுதியில் எப்படியும் வெளியே வந்துவிடும். அதற்கு முன் நானே சொல்லியிருக்க வேண்டும். என் பக்க நியாயம்

என்று தொடங்கிப் பார்த்தேன். நியாயம் எதுவும் இல்லை.]

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. எழுத்தாளர் ஒருவர் இரண்டாவது தடவையாகத் தமயந்தியோடு நடக்க வந்தார். "வாங்க சார், மறுபடியும் வந்துட்டீங்களே," என்று அவள் சந்தோஷமாக வரவேற்றாள். அன்று வட்டாராவுக்குள் நுழைந்தபோது ஸ்ரீஹர்ஷாவின் கூட்டமும் உள்ளே இருந்தது. நாற்பது பேர், நெருக்கியடித்துக்கொண்டு. குழாயடியில் வள்ளியம்மாவும் ராஜலக்ஷ்மியும் ஒரே முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்ரீஹர்ஷா வழக்கம்போல், "கொத்தில்லா," என்றான். அவன் கூட்டத்தில் பார்கவி என்று ஒரு பெண். ஹெப்பகோடியில் குடியிருந்து பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்கிறவள், தமிழ்ப் பத்திரிகைகள் படிக்கிறவள்.

"எனக்குத் தெரியுமே! இதப் பத்தி ஒரு கதையே வந்திருக்கு," என்று போனை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். ஒரு வாரப் பத்திரிகையில் வந்த பக்கம். ஜரிகை வியாபாரி, இரண்டு மனைவிகள், ஒரே கல்லில் இரண்டு குழி. தாளம் தப்பிய சின்னவள்கூட விடாமல் இருந்தது. தொடக்கத்தில், 'என் அத்தை சொல்லிக் கேட்ட கதை இது' என்று இருந்தது. மேலே எழுத்தாளரின் பெயர்.

அது என் பெயர்.

முதல் தடவை கேட்ட அன்றே, சிக்பேட்டை மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் போனில் தட்டத் தொடங்கினேன். இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். குடும்பத்துக் கதை என்றால் மவுசு அதிகம் என்பதால் ஓர் அத்தையைச் சேர்த்தேன். எனக்கு அத்தை கிடையாது. அப்பா, அம்மா இரண்டு பேருமே ஒற்றைப் பிள்ளைகள். பத்திரிகை வந்ததும் நிறையப் பேர் பாராட்டினார்கள். இருபது வருடத்தில் முதல் தடவையாக என் மனைவி கடைசிவரை படித்தாள். அந்த ஞாயிறு நான் திரும்பி வந்தது இன்னொரு கதை தேறுமா என்று பார்க்கத்தான்.

தமயந்தி கேட்டுக்கொண்டே நின்றாள். ஒருவனுக்கு வைத்த கண்ணியில் வேறொரு கழுத்து. அவள் கண்கள் கூட்டத்தில் தேடிவந்து, கடைசி வரிசையில் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த என்மேல் நின்றன.

"அப்போ இது நெஜமாவே பழைய கதைதானா?" என்று பார்கவி ஸ்ரீஹர்ஷாவைக் கேட்டாள்.

"அது மேடத்தோட கதை. அவங்களத்தான் கேக்கணும்," என்றான் அவன். பிறகு தமயந்தியின் பக்கம் திரும்பி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்களுது எதையும் நான் எடுத்ததில்ல மேடம். வழி மட்டும்தான் உங்ககிட்ட கத்துக்கிட்டேன்," என்றான்.

கீரை ஆய்ந்த கைகள் நின்றன. வள்ளியம்மாவும் ராஜலக்ஷ்மியும் நிமிர்ந்து தமயந்தியைப் பார்த்தார்கள்.

"நான் கட்டின கதை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருடன் நாற்பது பேர் முன்னால் பிடிபடுவான். கதை அவளுக்குத் திரும்பி வந்துவிடும். அதே வார்த்தை குழாயடியிலும் கேட்கும். நாளைக் காலையில் அந்தக் குழாய்க்கு யார் யார் எப்படி வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

8

முடிவு அ: தமயந்தி உண்மையைச் சொல்கிறாள். சிவப்பு மைத் தாளையும் கொண்டுவந்து காட்டுகிறாள். மூன்று பெண்களும் கட்டிக்கொண்டு

[பதினோரு வருடம் ஒரு பத்தியில் கரையாது. அடித்துவிட்டேன்.]

முடிவு ஆ: தமயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எழுத்தாளரை ஓங்கி ஓர் அறை விடுகிறாள்.

[உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.]

முடிவு இ: திடீரென்று மழை.

[வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வரைவில் எழுதி வைத்திருந்தேன்.]

நடந்தது இது. தமயந்தி ஓர் அடி முன்னால் வந்தாள். கல்லைப் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள். பிறகு நல்ல சத்தமாக, மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பழைய கதைதாங்க. சார் அத்தை சொன்னதுதான். சார்கிட்ட கேட்டுத்தான் நான் இங்க சொன்னேன். இதோ, சாரே வந்து நிக்கறாரே."

நாற்பது தலைகள் திரும்பின. யாரோ கை தட்டினார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருபது வருடமாக நான் எதற்காக ஏங்கினேனோ அது அந்த முற்றத்தில் கிடைத்தது. அவளிடம் நான் பார்த்துப் பொறாமைப்பட்டது அத்தனையையும் அவளே எடுத்து என் கையில் வைத்துவிட்டாள். ஸ்ரீஹர்ஷா மட்டும் தட்டவில்லை. முதலில் யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியும்.

வள்ளியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பின்னாலேயே ராஜலக்ஷ்மி.

"சார், உங்க அத்தை பேரு என்னா?"

"எதுக்கும்மா?"

"கல்லுக்குப் பேரே இல்லீங்க. வர்ற பொம்பளைங்க என்னான்னு கூப்ட்டுக் கும்புடறதுன்னு கேக்கறாங்க. சக்களத்தியம்மான்னா நல்லாவா இருக்கு? யாரு சொன்ன கதைன்னு இத்தன நாளு எங்களுக்குத் தெரியல. அவங்க பேரயே வெச்சிடறோம்."

"ஆமா சார்," என்றாள் ராஜலக்ஷ்மி. "அவங்களாலதான நானும் அக்காவும் பேசிக்கறோம்."

எந்தப் பாத்திரம் வந்து நின்றாலும் ஒரு நிமிடத்தில் பெயர் வரும் என்று சொன்னேனே. ஒன்றும் வரவில்லை. பெண் பெயர் என்று உலகத்தில் ஏதாவது இருக்கிறதா என்றே மறந்துபோயிற்று. தமயந்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"சொல்லுங்க சார்," என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒன்று சொன்னேன்.

அதற்குப் பிறகு இட்லிக்கடை வரைக்கும் நடந்த பத்து நிமிடத்தில் தமயந்தி என்னிடம் சொன்னதுதான் மேலே இருப்பதில் பாதி. பூண்டு உரித்த சாயங்காலம், ஷட்டருக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்து நின்றது, சிவப்பு மைத் தாள் எல்லாம். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எப்படியும் எடுத்துக்கத்தான் போறீங்க. பாதியா எதுக்கு? முழுசா எடுத்துக்கங்க," என்றாள். இட்லிக்கடையில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. தன் ஏழு பேரையும் விட்டுவிட்டு, ஸ்ரீஹர்ஷா உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போய் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத உட்கார்ந்து மூன்று மாதம் ஆகிறது. "என் அத்தை பெயர்" என்று ஒரு தாளில் தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். "எனக்கு அத்தையே" என்று இன்னொரு தாளில் தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். இரண்டில் ஒன்று நடந்தது. அதை எழுதி உங்களிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு யோக்கியதை இல்லை, கெட்ட பெயர் வாங்கத் தைரியமும் இல்லை. இந்தக் கதையில் எல்லாமே அவளிடமிருந்து எடுத்தது. இந்த இடம் ஒன்றுதான் என்னுடையது, இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

கொஞ்சம் உள்ளே வாருங்கள். ஒருக்களித்து வந்தால் இடம் இருக்கும். நான் நின்ற கடைசி வரிசையில் நில்லுங்கள். நாற்பது பேரும் உங்களையே பார்க்கிறார்கள். தமயந்தி பார்க்கிறாள். குழாய் லேசாகச் சொட்டுகிறது. வள்ளியம்மாவும் ராஜலக்ஷ்மியும் தோளோடு தோள் இடித்தபடி, கையில் கீரை வாசத்தோடு நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரப்போகும் பெண்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.

சொல்லுங்கள், உங்கள் அத்தை பெயர் என்ன?